அடித்து எழுதிய உயில்

ஃபிரிட்ஜ் கதவில் அந்தத் தாளை ஒட்டியது மருமகள்தான். ஒட்டிவிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் அவளுக்குக் காலை ஷிப்ட். ஐந்தரைக்கெல்லாம் கிளம்பிப் போய்விட்டாள். டார்ச்சுக்காரர் எழுந்து, பல் தேய்த்து, பால் எடுக்கப் போனபோதுதான் பார்த்தார். 'மூத்தோருக்கான அன்றாட யோசனைகள்' என்று மேலே கொட்டை எழுத்து. கீழே பன்னிரண்டு வரி. ஓரத்தில் ஒரு கிழவனும் கிழவியும் பல் தெரியச் சிரிக்கிற படம். அந்த வயதில் அத்தனை பல் யாருக்கு இருக்கிறது? கோபம் அங்கேயே தொடங்கிவிட்டது.

அவருக்கு எழுபத்தெட்டு. முப்பத்தாறு வருஷம் பஸ் டிப்போவில் ஃபிட்டர். டார்ச்சுக்காரர் என்பது அங்கே விழுந்த பெயர். இன்னொருத்தன் முடுக்கிய நட்டை அவர் நம்பமாட்டார். வண்டிக்கு அடியில் படுத்து, டார்ச்சு அடித்து, தன் கண்ணால் பார்த்தால்தான் ஆயிற்று. விடிந்துவிட்டது என்று சூரியனே நேரில் வந்து சொன்னாலும் இந்த ஆள் டார்ச்சு அடித்துப் பார்த்துவிட்டுத்தான் நம்புவான் என்று டிப்போவில் பேசிக்கொள்வார்கள். பெயர் வீடுவரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. சம்சாரம் உயிரோடு இருந்த காலத்தில் அவளே, "டார்ச்சு சாப்பிட வருதா, இல்ல சோத்தையும் சோதிக்கணுமா?" என்று கேட்பாள். படிப்பு ஐந்தாவதோடு சரி. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் கூட்டிப் படித்ததை லேசில் விடமாட்டார்.

ஊன்றுகோலைப் பிடித்தபடி நின்றே படித்தார். முதல் வரி, குளியலறையில் வழுக்குகிற விரிப்பு போடாதீர்கள். இதை இரண்டு வருஷம் முன்னால் எவனாவது சொல்லியிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். அந்த விரிப்பில்தான் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். இருபத்துமூன்று நாள் ஆஸ்பத்திரி, ஆறு மாதம் கட்டில், அதற்கப்புறம் இந்த நாலுகால் ஊன்றுகோல். இரண்டாவது, ஸ்டூல் மேல் ஏறி பல்பு மாட்டாதீர்கள். ஏறுகிற நிலையில் இருந்தால் இந்தத் தாள் எதற்கு? மூன்றாவது, சாப்பிடுகிற மருந்துகளை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அது ஏற்கெனவே பையில் கிடந்தது, மருமகள் கையெழுத்தில். ஆறாவது, தொலைபேசியில் யாராவது ரகசிய எண் கேட்டால் சொல்லாதீர்கள். அவர் சிரித்துக்கொண்டார். போனில் யாராவது பெயர் கேட்டாலே சொல்லாதவர் அவர்.

ஒன்பதாவது வரி கொஞ்சம் நீளம். 'உயில் எழுதியிருந்தால் எடுத்துப் படித்துப் பாருங்கள். குடும்பத்தில் சாவு, கல்யாணம், பிரிவு எது நடந்தாலும் அதைப் புதுப்பிக்க வேண்டும். சாட்சி போட்டவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றும் பாருங்கள்.' பத்தாவது, 'முக்கியமான காகிதங்கள் இருக்கும் இடத்தை நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவையுங்கள்.'

ஒன்பதாவதை அவர் நாலு வருஷம் முன்னாலேயே முடித்தாயிற்று. பத்தாவது எழுதினவன் கிறுக்கன். இன்னொருத்தரிடம் சொல்வதற்கு எதற்கு ஒளித்துவைக்க வேண்டும்?

பாலைச் சூடு பண்ணிக் குடித்துவிட்டு உட்கார்ந்தார். வீட்டில் சத்தமே இல்லை. முன்னறை, உள்ளறை, சமையல்கட்டு, பின்னால் குளியலறை. இந்த வீட்டை அவர் ஓவர்டைம் பார்த்துக் கட்டினார். இதைத் தவிர அவரிடம் சொத்து என்று வேறு எதுவும் கிடையாது. இதில் இப்போது இருப்பது அவரும் மருமகளும் மட்டும். மகன் போய் நாலு வருஷம். காலையில் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவன், நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தான், அவ்வளவுதான். நாற்பத்தோரு வயது. பிள்ளை குட்டி இல்லை. மருமகள் போக வேறு இடம் இல்லாததால் இருந்தாளா, இருக்கப் பிடித்து இருந்தாளா, அவர் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் வார்டு வேலை. காலையில் அங்கே நோயாளிகளைப் புரட்டுவாள், மாலையில் இங்கே இவரைப் பார்ப்பாள்.

தம்பி மகன் ஒருத்தன் உண்டு. தம்பி செத்துப் போய் வெகுகாலம் ஆயிற்று. பையன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவான். "எப்படி இருக்கீங்க பெரியப்பா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பான். போன தடவை சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டு, "உங்க அம்மா வீட்டுப் பக்கம் யாருமே இல்லையா அண்ணி?" என்று மருமகளிடம் கேட்டது இவர் காதில் விழுந்தது. அவள் இல்லை என்றாள். அடுப்பை அணைத்தாள். அவ்வளவுதான்.

பத்து மணிக்கு, சும்மா இருக்கமாட்டாமல், உயிலை எடுத்துப் பார்த்துவிடுவோம் என்று தோன்றியது. கட்டிலுக்கு அடியில் இருக்கிற டூல் பெட்டிதான் அதற்கு இடம். இடுப்பு முறிந்ததற்கப்புறம் அதைத் தொட்டதே இல்லை, குனிய முடியாது. ஊன்றுகோலின் காலைப் பெட்டியின் பிடியில் மாட்டி, கட்டிலில் உட்கார்ந்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். இடையில் இரண்டு தடவை மூச்சு வாங்க நிறுத்த வேண்டியிருந்தது. பூட்டு இல்லாத பெட்டி. ஸ்பானர்களுக்கு அடியில், தட்டுக்குக் கீழே, பிளாஸ்டிக் கவரில் சுருட்டி செப்புக் கம்பி முறுக்கிய பொட்டலம்.

கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. கம்பி வலப்பக்கம் முறுக்கியிருந்தது.

முப்பத்தாறு வருஷம் அவர் கம்பி முறுக்கியது இடப்பக்கம். இடது கைக்காரர். வேறு மாதிரி முறுக்கச் சொன்னாலும் அந்தக் கைக்கு வராது. இது அவர் முறுக்கியது இல்லை. வீட்டில் இருப்பது இன்னும் ஒரே ஒரு ஆள்.

பிரித்துப் பார்த்தார். காகிதம் பத்திரமாகத்தான் இருந்தது. பதினைந்து வருஷம் முன்னால், சம்சாரம் போன கையோடு, கோர்ட்டுப் பக்கம் பத்திரம் எழுதுகிற ஒருவரிடம் எழுதியது. தனக்குப் பிறகு வீடு மகனுக்கு. மகன் இல்லாமற்போனால் தம்பி மகனுக்கு. அப்போது மகனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. அடியில் சாட்சி இரண்டு பேர், டிப்போ ஃபோர்மேனும் மச்சானும். இரண்டு பேரும் இப்போது மண்ணுக்குள்.

மகன் போன மூன்றாம் மாதம் அவரே உட்கார்ந்து அதைத் திருத்தினார். எப்படித் திருத்துவது என்று யாரையும் கேட்கவில்லை. கேட்பானேன்? டிப்போவில் ஜாப் கார்டு என்று ஒரு அட்டை உண்டு. எந்த வண்டிக்கு என்ன வேலை என்று அதில் இருக்கும். தப்பாக எழுதிவிட்டால் கிழிக்கக் கூடாது, கிறுக்கக் கூடாது. அடியில் இருப்பது படிக்கிற மாதிரி ஒற்றைக் கோடு இழுத்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் சின்னக் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். அதற்கப்புறம் அந்த அட்டையை மேனேஜர்கூட மறுக்க முடியாது. ஒரு தடவை பிரேக் விஷயத்தில் விசாரணை வந்து, அவர் வேலையே போக இருந்தது. அன்றைக்கு அவரைக் காப்பாற்றியது அந்த ஒற்றைக் கோடுதான். உலகத்தில் மனுஷன் எழுதியதில் அவர் நம்பியது ஜாப் கார்டு ஒன்றைத்தான்.

அதே மாதிரிதான் உயிலிலும் செய்தார். மகன் பெயர்மேல் ஒற்றைக் கோடு. அதை இழுக்க அன்றைக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. மேலே மருமகள் பெயர். தம்பி மகன் வரிமேல் இன்னொரு கோடு. இரண்டு இடத்திலும் சின்னக் கையெழுத்து, தேதி. கம்பி முறுக்கிப் பெட்டியில் வைத்தார். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அதைத்தான் அவள் பிரித்துப் படித்திருக்கிறாள்.

மத்தியானம் அவள் வந்தபோது அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவருக்குக் கைவந்த கலை. ஆனால் பார்க்கிற பார்வை மாறிவிட்டது. மாத்திரையைத் தண்ணீரோடு நீட்டினாள். உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொண்டார். காலுக்கு எண்ணெய் தேய்க்க வந்தாள். என்னமோ ரொம்பத்தான் அக்கறை என்று முனகினார். அவள் காதில் விழுந்திருக்கும். தேய்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, சுவரோரம் சாய்ந்து ஐந்து நிமிஷம் கண்ணை மூடினாள். அவர் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வீடு தனக்கு வரப்போகிறது என்று தெரிந்த முகம் இப்படித்தான் இருக்குமா?

மூன்றாம் நாள் பொறுக்கமுடியாமல் பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டு, பஸ் நிறுத்தத்து டீக்கடைக்குப் போனார். அங்கே ஸ்டோர்காரர் இருப்பார். டிப்போவில் உதிரிபாக அறையைப் பார்த்துக்கொண்டவர். சீட்டு இல்லாமல் ஒரு வாஷர்கூடக் கொடுக்கமாட்டார். கொஞ்சம் படித்தவர், அதனால் இரண்டு மூக்குக்கண்ணாடி வைத்திருந்தார், ஒன்று பார்க்க, ஒன்று படிக்க. உலகத்தில் டார்ச்சுக்காரரை 'நீ' போட்டுப் பேச மிச்சமிருந்தவர் அவர் ஒருத்தர்தான்.

ஸ்டோர்காரர் காகிதத்தை இரண்டு கண்ணாடியிலும் பார்த்தார். "யோவ், இதுல சாட்சி எங்க?" என்றார்.

"அடியில இருக்கு பாரு."

"அது பதினஞ்சு வருஷம் முன்னாடி போட்டது. நீ அடிச்சப்ப யார் பாத்தா?"

"நானே பாத்தேன்."

ஸ்டோர்காரர் காகிதத்தை மடித்துக் கையில் கொடுத்தார். இது ஜாப் கார்டு இல்லை என்றும், தன் தங்கச்சி புருஷன் விஷயத்தில் இப்படித்தான் ஆகி மூன்று வருஷம் கோர்ட்டுக்கு நடந்தார்கள் என்றும் சொன்னார். டார்ச்சுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. டீ ஆறிப்போகிறவரைக்கும் சண்டை நடந்தது. கடைசியில், நீயும் சொல்ல வேண்டாம், நானும் சொல்ல வேண்டாம், தெரிந்தவர்களிடம் காட்டுவோம் என்று ஸ்டோர்காரர் எழுந்துவிட்டார்.

ஸ்டோர்காரருக்குத் தெரிந்த ஒரு வக்கீலம்மாவின் அறை இரண்டாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. வயதானவர்கள் வருகிற இடத்தை எவன் மாடியில் வைத்தான் என்று திட்டிக்கொண்டே ஏறினார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, ஸ்டோர்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு, மேலே பார்த்து, மறுபடி ஏறினார். மேலே பெஞ்சில் ஒன்றரை மணி நேரம். பக்கத்தில் கோப்புகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. யார் யாரோ செத்தவர்களின் சண்டை.

வக்கீலம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே கறுப்பு. பாதி சாப்பிட்ட டப்பாவை மூடி ஓரமாக வைத்துவிட்டு, காகிதத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு, இது யார் யோசனை என்று கேட்டார். தன் யோசனைதான் என்றார் இவர்.

"ஐயா, நீங்க அடிச்சது அடிக்காத மாதிரிதான். எழுதினது எழுதாத மாதிரிதான். உயில்ல ஒரு எழுத்து மாத்தணும்னாலும் ரெண்டு சாட்சி முன்னாடி கையெழுத்துப் போடணும். கோட்டுக்கு அடியில என்ன படிக்க முடியுதோ, அதுதான் இன்னைக்கும் உயில்."

"அடியில மகன் பேரு இருக்கு. அவன் இல்லியே."

"அதனால அடுத்த வரி. வீடு தம்பி மகனுக்கு."

டார்ச்சுக்காரர் காகிதத்தைப் பார்த்தார். வக்கீலம்மா இன்னொன்றும் சொன்னார், கிண்டலாக இல்லை, அலுப்பாக. கண்டபடி கிறுக்கியிருந்தாலாவது அடியில் என்ன இருந்தது என்று யாராவது வாதாடலாம். இவ்வளவு சுத்தமாக ஒற்றைக் கோடு போட்டால் எல்லாமே பளிச்சென்று தெரிகிறது. முப்பத்தாறு வருஷத்துச் சுத்தம் அது. அது இன்றைக்கு மருமகளைத் தெருவில் நிறுத்தப் பார்க்கிறது.

புதுசாக எழுத ஒரு நாள் போதும், பழையது தானாகவே ரத்தாகிவிடும் என்றார் வக்கீலம்மா. எழுதுவதற்காகப் பேனாவையும் திறந்துவிட்டார். வீடு யாருக்கு?

நாக்கு நுனி வரைக்கும் மருமகள் பெயர் வந்தது. கூடவே வலப்பக்கம் முறுக்கிய கம்பியும் வந்தது.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்துவிட்டார்.

இறங்கும்போது ஸ்டோர்காரர் பிடித்துக்கொண்டார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கம்பி விஷயத்தை இவர் சொன்னார். அவள் படித்திருக்கிறாள், பெயர் தன்னுடையது என்று தெரிந்திருக்கிறது, தெரிந்துதான் இவரைப் பார்த்துக்கொள்கிறாள். ஸ்டோர்காரர் படியிலேயே நின்றுவிட்டார்.

"சரி, தெரிஞ்சே பாத்தா என்ன இப்ப? தெரியாமப் பாத்தாதான் சோறு எறங்குமா?"

"உனக்குப் புரியாது."

"எனக்கு எப்படிப் புரியும்? நான் சீட்டு வாங்கிட்டாவது சாமானக் குடுத்தேன். நீ சீட்டு குடுத்தவனையும் டார்ச்சு அடிச்சுப் பாத்த ஆளு."

மறுநாள் மூன்று மணிக்கு மருமகள் வந்தாள். பையை மாட்டினாள். நாற்காலியில் உட்கார்ந்து செருப்பை அவிழ்த்தாள். பாதம் வீங்கி, வார் பட்ட இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. அவர் எதிரே மேஜைமேல் பொட்டலத்தை வைத்தார்.

"இத எடுத்தப்ப கம்பி வலப்பக்கம் முறுக்கியிருந்துச்சு. நான் முறுக்கினது இல்ல" என்றார்.

அவள் பார்த்தாள். திடுக்கிடவில்லை. "ஆமா மாமா. நான் முறுக்கினது" என்றாள்.

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. இல்லை என்பாள், அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார். எப்போது என்று கேட்டார். அவர் இடுப்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சமையல்கட்டுக் குழாய் பிய்த்துக்கொண்டதாம். ரெஞ்சு தேடிப் பெட்டியைத் திறந்தாளாம்.

"ரெஞ்சு தேடினவ பேப்பர எதுக்குப் படிச்ச?"

"கவருக்குள்ள அவர் பேரு தெரிஞ்சுது. அதுமேல ஒரு கோடு. யார் அடிச்சதுன்னு பிரிச்சேன்."

அவர் கொஞ்சம் தடுமாறினார். ஆனாலும் விடவில்லை. "அப்ப வீடு உனக்குன்னு ரெண்டு வருஷமாத் தெரியும்."

"அந்த நெனப்பு ஒரு வாரம்தான் மாமா இருந்துச்சு."

சொல்லிவிட்டு அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். பேச்சு மெதுவாகத்தான் வந்தது, நடந்து களைத்தவர்கள் பேசுகிற மாதிரி. அந்த வாரமே அவள் வார்டில் ஒரு பெரியவர் இழுத்துக்கொண்டு கிடந்தார். அவரும் இப்படித்தான் உயிலில் ஒரு பெயரை அடித்து இன்னொரு பெயர் எழுதி வைத்திருந்தார். கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒரு பிள்ளை, அந்தப் பக்கம் ஒரு பிள்ளை. அவர்கள் கூட்டிவந்த வக்கீல் கட்டில் அருகிலேயே நின்று, அடித்தது செல்லாது, எழுதியது செல்லாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் அப்போது அந்தப் பெரியவருக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு, இதுவும் அப்படித்தான்னு. வீடு உங்க தம்பி மகனுக்குத்தான். அப்ப நீங்க காலக்கூட நீட்ட முடியாமக் கெடந்தீங்க."

டார்ச்சுக்காரர் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு நட்டாகத் தொட்டுப் பார்க்கிற மாதிரி மனசுக்குள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் மிச்ச நாட்கள். ஆறு மாதம் கட்டில். புரட்டிப் போட்டது, துடைத்தது, மூத்திரப் பீங்கானை எடுத்துக் கொட்டியது, வலியில் அவர் திட்டிய திட்டு. எல்லாமே அந்த ஒரு வாரத்துக்கு அப்புறம். தனக்கு ஒன்றும் கிடையாது என்று தெரிந்தவள் செய்தது. எந்த நட்டும் ஆடவில்லை.

"ஏம்மா சொல்லல?" என்றார்.

"என்னன்னு சொல்றது? மாமா, வீட்ட ஒழுங்கா என் பேருக்கு எழுதுங்கன்னா? கேட்ட அன்னைக்கே நீங்க டார்ச்சு எடுத்திருப்பீங்க."

அது உண்மை.

"எனக்கு அலுத்துப்போச்சு மாமா" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. "ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸுக்கு எழுதிக் குடுத்திருக்கேன். வரிசைல நாப்பத்தேழாவது ஆளு. நீங்க போனப்புறம் எங்க போறதுன்னு ஒண்ணு வேணும்ல. ஆஸ்பத்திரில குடுத்த அந்த யோசனைத் தாள் மூணு மாசமா பைலயே கெடந்துச்சு. நீங்களாப் படிச்சா நான் கேட்டதா ஆகாதுன்னு ஒட்டிட்டேன்."

எழுந்து உள்ளே போனாள். அரிசி களைகிற சத்தம் கேட்டது. நாற்பத்தேழாவது ஆள். வரிசையில் முன்னால் இருக்கிற நாற்பத்தாறு பேரும் நகர்வதற்குள் தான் செத்துவிட்டால் என்ன ஆகும் என்று அவர் யோசித்தார். தம்பி மகன் வந்து சுவரைத் தட்டுவான். அந்தச் சத்தம் காதில் கேட்கிற மாதிரியே இருந்தது.

அடுத்த நாள் காலையில் மறுபடி அந்த இரண்டு மாடி. இந்தத் தடவை திட்டுவதற்குக்கூட மூச்சு இல்லை. வீடு யாருக்கு என்று வக்கீலம்மா கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். தம்பி மகனுக்கு ஏன் இல்லை என்று ஒரு வரி எழுதினால் நல்லது என்றார் வக்கீலம்மா. அவன் சுவரைத் தட்டிப் பார்க்கிறவன் என்று எழுதுங்கள் என்றார் இவர். வக்கீலம்மா வேறு மாதிரி எழுதிக்கொண்டார்.

வயதைப் பார்த்து யாரும் பின்னால் கேள்வி கேட்கக் கூடாது என்று, தெருமுனை டாக்டரிடம் ஒரு சான்று வாங்கி வரச் சொன்னார்கள். புத்தி சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற சான்று. டாக்டர் இன்று என்ன கிழமை என்று கேட்டார். உங்கள் காலண்டரில் நேற்றைய தாள் கிழிக்காமல் இருக்கிறது, அதைப் பார்த்து என் புத்தியைச் சோதிக்காதீர்கள் என்றார் இவர். டாக்டர் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சாட்சிக்குத்தான் தகராறு வந்தது. ஸ்டோர்காரர் புதுச் சட்டையெல்லாம் போட்டு வந்திருந்தார். வக்கீலம்மா அவர் வயதைக் கேட்டார், எழுபத்தாறு. சாட்சி உயில்காரருக்கு முன்னால் போய்விடக் கூடாது, சின்ன வயதுக்காரர்கள்தான் நல்லது என்றார். மருமகளும் போடக் கூடாதாம். வீடு யாருக்கு வருகிறதோ அவர்கள் சாட்சியாக இருந்தால் கொடுத்ததே கெட்டுப்போகும். கடைசியில் குமாஸ்தாவும் கீழே ஜெராக்ஸ் கடைக்காரரும் போட்டார்கள். ஸ்டோர்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"உன்னோட முப்பது வருஷம் குப்பை கொட்டினதுக்கு, நான் முன்னாடி போயிடுவேன்னு எழுதி வாங்கிக் குடுத்துட்ட" என்றார்.

கையெழுத்துக்கு முன்னால் டார்ச்சுக்காரர் பையிலிருந்து டார்ச்சை எடுத்தார். தலைக்கு மேலே லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு வரியாக, விரலை வைத்துப் படித்து முடித்தார். அரை மணி நேரம் ஆயிற்று. தப்பு ஏதாவது இருந்தால் பின்னால் எப்படித் திருத்துவது என்று கேட்டார்.

"நீங்க பேனாவத் தொடவே கூடாது. வீட்ல யாராவது போனாலோ வந்தாலோ, மாடி ஏறி இங்க வாங்க."

இனி போவதற்கு வீட்டில் தான் ஒருத்தன்தான் மிச்சம் என்றார் அவர். கையெழுத்துப் போட்டார். இடது கைக் கையெழுத்து, இடப்பக்கம் சாய்ந்து விழுந்தது.

பழைய காகிதத்தை வைத்திருந்தால் குழப்பம், கிழித்துப் போட்டுவிடுங்கள் என்று சொல்லியனுப்பினார்கள். டீக்கடையில் உட்கார்ந்து கிழித்தார். மகன் பெயர் இருந்த துண்டு வந்தபோது கை நின்றுவிட்டது. கோட்டுக்கு அடியில் பெயர் தெளிவாகத் தெரிந்தது. அந்தத் துண்டை மட்டும் மடித்து, சட்டைப்பையில் மருந்துப் பட்டியலோடு வைத்துக்கொண்டார். ஸ்டோர்காரர் பார்த்தும் பார்க்காத மாதிரி டீ சொன்னார்.

மத்தியானம் மருமகள் வந்தபோது ஃபிரிட்ஜ் கதவில் ஒன்பதாவது வரிமேல் ஒற்றைக் கோடு விழுந்திருந்தது. பக்கத்தில் சின்னக் கையெழுத்து, தேதி. அவள் அதைப் பார்த்தாள். பால் பாக்கெட்டை உள்ளே வைத்தாள். கதவை மூடிவிட்டு இன்னொரு தடவை பார்த்தாள்.

டூல் பெட்டி இப்போது கட்டிலுக்கு அடியில் இல்லை. அலமாரியின் நடுத்தட்டில், யாரும் குனிய வேண்டாத உயரத்தில் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்தான் தூக்கி வைத்தார். டார்ச்சுக்காரர் நாற்காலியிலிருந்தபடியே அதைக் காட்டினார்.

"உயில் அதுலதான் இருக்கு. நகல் ஒண்ணு வக்கீலம்மாகிட்ட. நம்பர் கவர்மேல எழுதியிருக்கு. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா மொதல்ல அவங்களக் கூப்பிடு, அப்புறம் அழு."

"சரி மாமா."

"பிரிச்சுப் படி. சரியா இருக்கான்னு பாரு."

"அப்புறம் பாக்கறேன். கால் ரொம்ப வலிக்குது."

"இப்பவே பாரு."

அவள் பெருமூச்சு விட்டு எழுந்தாள். பெட்டியைத் திறந்து, கம்பியைப் பிரித்து, காகிதத்தை நின்றபடியே படித்தாள். முகத்தில் பெரிசாக ஒன்றும் மாறவில்லை. குவார்ட்டர்ஸுக்கு எழுதிக் கொடுத்ததை வாபஸ் வாங்கலாமா என்று மட்டும் கேட்டாள். அதற்கு வேறொரு ஆள் வரிசையில் காத்திருப்பாள், சீக்கிரம் வாங்கிவிடு என்றார் அவர்.

அவள் தலையை ஆட்டினாள். காகிதத்தைக் கவரில் போட்டுச் சுருட்டி, கம்பியைச் சுற்றி, வலப்பக்கம் முறுக்கினாள்.

டார்ச்சுக்காரர் பார்த்தார். வாய் ஒரு தடவை திறந்தது. பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, ஊன்றுகோலை ஊன்றி, மெதுவாக ஃபிரிட்ஜ் பக்கம் நடந்தார். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவைக்கச் சொன்ன பத்தாவது வரி இன்னும் அடிக்காமல் இருந்தது.